ஒரு நாள் போகிக்கு ஐந்து நாள் லீவு: தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை வைத்து விடுப்பைத் திட்டமிடுவது எப்படி?

ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாடு அரசு அடுத்த ஆண்டின் பொது விடுமுறைப் பட்டியலை அரசாணையாக வெளியிட்டுவிடும். மறுநாளே "இந்த நாலு நாள் லீவு போட்டால் பத்து நாள் ஊரில் இருக்கலாம்" என்று வட்டம் போட்ட காலண்டர் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கும். படங்களில் தேதி சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருப்பது லீவு கணக்கு. எத்தனை நாள் விடுப்பு செலவாகும் என்பதைத் தேதி மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் பட்டியல் நமக்குப் பொருந்துகிறது, எந்த வகை விடுப்பை எழுதிக் கொடுக்கிறோம், நடுவில் வரும் விடுமுறை எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் காலண்டரில் வட்டம் போட வேண்டும்.

முதலில் பட்டியல். அரசு வெளியிடும் பொது விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) கீழ் அறிவிக்கப்படுவது. 2026-க்கான பட்டியலில் 24 நாட்கள் உள்ளன. அதில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்கானது. வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் மட்டுமே பொருந்தும். மீதி 23-இல் உழவர் திருநாள், ரம்ஜான், சுதந்திர தினம் மூன்றும் சனிக்கிழமையிலும், தைப்பூசம், தீபாவளி இரண்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் விழுகின்றன. ஆக, வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு உண்மையில் கிடைப்பது 18 நாள். சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் திங்கட்கிழமைக்கு நகரும். இங்கே அந்த வழக்கம் கிடையாது. ஞாயிறில் விழுந்தது விழுந்ததுதான்.

இந்த 23-ம் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கான சட்டம் வேறு: 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அதோடு ஐந்து பண்டிகை நாட்கள். மொத்தம் ஒன்பது. அதற்கு மேல் நிறுவனம் தருவது அதன் விருப்பம். அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்பது ஊழியர்களையும் கலந்து முடிவாக வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பட்டியல் இறுதியாகும் முன் வாய் திறந்து கேட்பது ஊழியரின் உரிமை. பொங்கலுக்கு ஒரு நாளா, இரண்டு நாளா என்பது அந்தக் கட்டத்தில் கேட்டால் மாறக்கூடிய விஷயம். ஜனவரி பிறந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அந்த ஒன்பது நாட்களில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். இரண்டாவதைப் பெறுபவர்கள் அந்த மாற்று நாள் எது என்பதை அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையாக விட்டால் மார்ச்சில் மறந்துபோகும்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு இன்னொரு பட்டியல். அங்கே 14 நாட்கள் கட்டாயம், 3 நாட்கள் விருப்பப் பட்டியலிலிருந்து உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்படுபவை. பொங்கலே அந்த விருப்பப் பட்டியலில்தான் இருக்கிறது. திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் அங்கே பொது விடுமுறை இல்லை. ஒரே தெருவில் உள்ள மாநில அரசு அலுவலகம் பூட்டியிருக்கும்போது வருமான வரி அலுவலகம் திறந்திருப்பது இதனால்தான்.

உள்ளூர் விடுமுறை என்று ஒன்று உண்டு. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்கும், வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சிக்கும், சதய விழாவுக்குத் தஞ்சாவூருக்கும் மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது. அந்த அறிவிப்பின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இது வராது என்றும், ஈடாக வேறொரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் அங்கேதான் எழுதியிருக்கும். வங்கி திறந்திருக்கும். அந்தச் சனிக்கிழமையில் வெளியூர்ப் பயணம் போட்டிருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் விடுப்பு போகும்.

பொங்கல் முதல் குடியரசு தினம் வரை

விடுப்புக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதைப் பார்க்க 2026 ஜனவரியைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. பொங்கல் 15 வியாழன், திருவள்ளுவர் தினம் 16 வெள்ளி, உழவர் திருநாள் 17 சனி, 18 ஞாயிறு. அடுத்த வாரம் 19 முதல் 23 வரை ஐந்து வேலை நாட்கள். பிறகு 24, 25 சனி ஞாயிறு, 26 திங்கள் குடியரசு தினம். அந்த ஐந்து நாளுக்கு விடுப்பு எழுதினால் 15 முதல் 26 வரை மொத்தம் 12 நாள்.

இதைத் தற்செயல் விடுப்பில், அதாவது சி.எல்.-இல் எடுக்கலாம் என்று ஒரு மாநில அரசு ஊழியர் நினைத்தால் அங்கேயே தடை. ஆண்டுக்கு 12 நாள் சி.எல். உண்டு, நடுவில் வரும் ஞாயிறும் அரசு விடுமுறையும் சி.எல். ஆகக் கழிக்கப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் சி.எல்.-ம் விடுமுறைகளும் சேர்ந்து தொடர்ச்சியாக 10 நாட்களைத் தாண்டக் கூடாது. இங்கே 12 ஆகிவிட்டது. ஐந்து சி.எல். கையில் இருந்தும் பயனில்லை.

அடுத்த வழி ஈட்டிய விடுப்பு, ஈ.எல். இதில் விதி தலைகீழ். விடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டி வரும் விடுமுறைகள் கழிக்கப்படாது. நடுவில் சிக்கும் விடுமுறைகள் எல்லாம் விடுப்பாகவே கழியும். ஆகவே விண்ணப்பத்தில் எழுதும் வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "15.01.2026 முதல் 26.01.2026 வரை ஈட்டிய விடுப்பு" என்று எழுதினால் 12 நாள் கழியும். "19.01.2026 முதல் 23.01.2026 வரை 5 நாட்கள் ஈட்டிய விடுப்பும், 15.01.2026 முதல் 18.01.2026 வரையிலான விடுமுறை நாட்களை முன் இணைப்பாகவும், 24.01.2026 முதல் 26.01.2026 வரையிலான விடுமுறை நாட்களைப் பின் இணைப்பாகவும் துய்க்க அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதினால் 5 நாள் மட்டும். ஊரில் இருக்கும் நாட்கள் இரண்டிலும் ஒன்றே. மாநில அரசில் ஓய்வு பெறும்போது 240 நாள் வரை ஈ.எல்.-ஐப் பணமாகப் பெறலாம் என்பதால் இந்த ஏழு நாள் வித்தியாசம் பணமும்தான்.

இதே கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. போகிக்கே ஊரில் இருக்க வேண்டும் என்று 14-ஆம் தேதி புதன்கிழமையையும் சேர்த்தால் என்ன ஆகும்? விடுப்பு 14-இல் தொடங்குகிறது. உடனே 15, 16, 17, 18 நான்கும் முன் இணைப்பு என்ற நிலையிலிருந்து நடுவில் சிக்கிய நாட்களாக மாறுகின்றன. 14 முதல் 23 வரை பத்து நாள் ஈ.எல். கழியும். ஐந்தாக இருந்தது பத்தாகிறது. கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஒரு போகி. 14-ஐ மட்டும் சி.எல். ஆக எழுதித் தப்பிக்கவும் முடியாது, சி.எல்.-ஐ வேறு விடுப்போடு இணைக்க விதி இடம் தருவதில்லை. இதற்கு நேரான தீர்வு இரண்டில் ஒன்றை விடுவது. போகி முக்கியம் என்றால் 14-க்கு ஒரு சி.எல். போட்டு 18 வரை ஐந்து நாள் இருந்துவிட்டு 19-ஆம் தேதி வேலைக்கு வருவது. நீண்ட விடுமுறை முக்கியம் என்றால் 14 மாலை வேலை முடித்துக் கிளம்புவது.

சி.எல்.-க்குப் பொருந்தி வரும் வாரங்கள் வேறு. ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். 21, 22, 23 மூன்று நாள் சி.எல். எழுதினால் 17 சனி முதல் 25 ஞாயிறு வரை ஒன்பது நாள், பத்துக்குள் அடங்குகிறது. ஆண்டு முடிவு இன்னும் துல்லியம்: டிசம்பர் 25 வெள்ளி, 26, 27 சனி ஞாயிறு, 28 முதல் 31 வரை நான்கு சி.எல்., 2027 ஜனவரி 1 வெள்ளி, 2, 3 சனி ஞாயிறு. சரியாகப் பத்து நாள். சி.எல். அடுத்த ஆண்டுக்குப் போகாது என்பதால் மிச்சமிருப்பதைச் செலவழிக்கவும் இது நல்ல இடம். ஆனால் இந்தப் பத்தில் இம்மியளவும் இடைவெளி இல்லை. திரும்பி வரும் ரயில் ரத்தாகி, நான்காம் தேதி திங்கட்கிழமை வர முடியாமல் போனால் பதினொன்றாகிவிடும்; முழுவதையும் வேறு விடுப்பாக மாற்றி எழுதிக் கொடுக்க நேரும், நடுவில் உள்ள விடுமுறைகளும் அதில் கரையும். ஞாயிறு இரவு டிக்கெட்டை நம்பாமல் சனிக்கிழமையே திரும்புவது உத்தமம்.

வரையறுக்கப்பட்ட விடுப்பு மாநில அரசு ஊழியருக்கு ஆண்டில் மூன்று, மத்திய அரசில் இரண்டு. கார்த்திகை தீபம், ஓணம், ஆடிப்பெருக்கு போன்ற நாட்களின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது. சொந்தப் பண்டிகைக்கு மட்டும் என்று பலர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தப் பட்டியலை எடுத்து, திங்கள் அல்லது வெள்ளியில் வருபவற்றைக் குறித்துவைத்தால் மூன்று சி.எல். மிச்சம்.

தனியாரில் சாண்ட்விச் விதி

வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் உள்ள சனி ஞாயிறையும் லீவாகக் கழிப்பதைத்தான் அலுவலகங்களில் சாண்ட்விச் லீவு என்கிறார்கள். இது சட்டம் அல்ல, நிறுவனத்தின் கொள்கை. சில இடங்களில் ஈ.எல்.-க்கு மட்டும் உண்டு, சில இடங்களில் சம்பளமில்லா விடுப்புக்கு மட்டும், சில இடங்களில் வார விடுமுறைக்கு இல்லை, பண்டிகை விடுமுறைக்கு மட்டும் உண்டு. கொள்கை ஆவணத்தில் "இடையில் வரும் விடுமுறைகள்" என்ற வரியைத் தேடிப் படித்த பிறகே தேதியைக் குறிக்க வேண்டும். சாண்ட்விச் விதி இருந்தால் விடுமுறையின் ஒரு பக்கத்தில் மட்டும் லீவு போடுங்கள். மே 1 வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் ஏப்ரல் 30 வியாழன் ஒன்றை மட்டும் எழுதினால் நான்கு நாள். அதோடு மே 4 திங்களையும் சேர்த்தால் இரண்டு நாள் லீவு ஐந்தாகக் கழியும்.

சட்டப்படியான ஆண்டு விடுப்பில் தொழிலாளருக்கு இங்கே பாதுகாப்பு உண்டு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பள விடுப்பில் நடுவிலோ இரு முனையிலோ வரும் விடுமுறைகளைக் கழிக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. பழைய சட்டத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது புதியதில் 180 ஆகக் குறைந்திருக்கிறது. மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வராது, அவர்களுக்கு நிறுவனக் கொள்கைதான் சட்டம். கடை, நிறுவனங்களில் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பள விடுமுறை உண்டு, அதை 24 வரை சேர்த்துவைக்கலாம். நோய்க்கு 12, தற்செயலுக்கு 12 தனி. கடைகளில் வேலை பார்க்கும் நிறையப் பேருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இருவரின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2026 மகாவீர் ஜெயந்தி மார்ச் 31 செவ்வாய், புனித வெள்ளி ஏப்ரல் 3. மாநில அரசு ஊழியருக்கு மூன்று சி.எல்.-இல் மார்ச் 28 முதல் ஏப்ரல் 5 வரை ஒன்பது நாள் கிடைக்கும். கணவரோ மனைவியோ வங்கியில் இருந்தால் நிலைமை வேறு. வங்கிக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனி மட்டுமே விடுமுறை. மார்ச் 28 நான்காம் சனி, சரி, ஆனால் ஏப்ரல் 4 முதல் சனி, வேலை நாள். மேலும் மார்ச் கடைசி வாரத்தில் கணக்கு முடிப்பு. ஏப்ரல் 1 வாடிக்கையாளருக்குத்தான் விடுமுறை, உள்ளே வேலை நடக்கும். பிள்ளைகளுக்கோ தேர்வுக் காலம். படத்தில் அழகாகத் தெரியும் அந்த ஒன்பது நாள் வீட்டுக் கணக்கில் நிற்காது. அக்டோபர் 17 முதல் 20 வரையிலான நான்கு நாளில்கூட 17 மூன்றாம் சனி; வங்கியில் இருப்பவர் அன்று வேலைக்குப் போக வேண்டும்.

தேதியே மாறினால்

ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி நான்கும் பிறை பார்த்து முடிவாகும் நாட்கள். பட்டியலில் இருப்பது உத்தேசத் தேதி. தலைமை காஜி அறிவித்த பிறகு அரசு தேதியை மாற்றி ஆணை வெளியிடும். 2024-இல் மீலாது நபி செப்டம்பர் 16 திங்கள் என்று பட்டியலில் இருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கணக்குப் போட்டவர்கள் பலர். விடுமுறை 17 செவ்வாய்க்கு மாறியதும் திங்கள் வேலை நாளாகிவிட்டது. இந்த நான்கு பண்டிகைகளை ஒட்டித் திரும்பக் கிடைக்காத பணம் கட்டி அறை பதிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் முன்பின் ஆனாலும் சமாளிக்க ஒரு சி.எல். கையில் இருக்கட்டும். 2026-இல் மொகரம் ஜூன் 26 வெள்ளி என்று இருப்பதால் இந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

பொங்கல் சூரிய மாதக் கணக்கில் வருவதால் ஜனவரி 14 அல்லது 15, அவ்வளவுதான் ஆட்டம். 2025-இல் 14, 2026-இல் 15. ஆனால் ரயில் டிக்கெட்டுக்கு அந்த ஒரு நாளே போதும், போன ஆண்டு நினைவில் தேதி குறித்தவரைக் காத்திருப்புப் பட்டியலில் தள்ளுவதற்கு.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள், காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 14 கிளம்பும் ரயிலுக்கு நவம்பர் 15. நாள் எண்ணுவது ரயில் புறப்படும் முதல் நிலையத்தின் தேதியை வைத்து. தொலைவிலிருந்து கிளம்பி மறுநாள் நம் ஊருக்கு வரும் ரயில் என்றால் நாம் நினைப்பதற்கு ஒரு நாள் முன்பே திறந்திருக்கும். திரும்பி வரும் டிக்கெட் வேறொரு நாளில் திறக்கும் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். போகும் டிக்கெட்டுக்கு அலாரம் வைத்துவிட்டுத் திரும்புவதை மறப்பது வழக்கமாக நடப்பது. முன்பதிவு திறந்ததும் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று 2025 அக்டோபரில் விதி வந்தது; அந்த நேரம் பிறகு நீட்டிக்கப்பட்டது. கணக்கில் ஆதாரை இணைக்கும் வேலையை முன்தினமே முடித்துவிடுங்கள். எட்டு மணிக்கு அதைத் தொடங்கினால் இடம் போய்விடும். விடுப்பு அனுமதியையும் அந்த நாளுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. டிக்கெட் எடுத்துவிட்டு அனுமதி கேட்டால், அதே வாரத்தைக் கேட்ட சக ஊழியருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்ற பதில் வரலாம்.

2026 தீபாவளிக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. நவம்பர் 8 ஞாயிறு. வெள்ளி 6 மாலை ரயிலுக்கு செப்டம்பர் 7-இல் பதிவு. திங்கள் 9 இரவு ரயிலுக்கு செப்டம்பர் 10-இல். ஆனால் அந்தத் திங்கள் விடுமுறையா என்பது செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. 2023-இலும் தீபாவளி ஞாயிறில்தான் வந்தது, நவம்பர் 12. பண்டிகை நெருங்கிய பிறகு 13 திங்களை விடுமுறையாக அறிவித்து, ஈடாக 18 சனிக்கிழமையை வேலை நாளாக்கினார்கள். 2024-இல் தீபாவளி வியாழன். நவம்பர் 1 வெள்ளிக்கு விடுமுறை, ஈடாக நவம்பர் 9 சனி. 2025 பொங்கலுக்கும் ஜனவரி 17 வெள்ளி விடுமுறையாகி 25 சனி வேலை நாளானது. வழக்கம் இருக்கிறது, உறுதி இல்லை. ஆகவே திங்களுக்கு ஒரு சி.எல். எழுதி வைத்துவிட்டுத் திங்கள் இரவு டிக்கெட்டை எடுங்கள். அறிவிப்பு வந்தால் அந்த சி.எல்.-ஐ ரத்து செய்யக் கடிதம் கொடுக்க வேண்டும். அது தானாகத் திரும்பாது. அடுத்து வரும் இரண்டு சனிக்கிழமைகள், நவம்பர் 14-ம் 21-ம், வேலை நாளாக மாறக்கூடியவை. அந்த நாட்களில் நிச்சயதார்த்தமோ மருத்துவர் சந்திப்போ வைப்பதற்கு முன் அரசாணை வரட்டும்.